இருபது சென்ட் வாசல்

பாண்டை கடற்கரையில் நான் முதலில் பார்த்தது தண்ணீர் இல்லாத நீச்சல் குளம்.

சிட்னியின் மேற்கில், வென்ட்வொர்த்வில்லில் மகள் வீடு. அங்கிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, இரண்டு ரயில் மாறி, பாண்டை ஜங்ஷனில் 333ஆம் எண் பேருந்தைப் பிடித்துக் கடற்கரையில் இறங்கினேன். தெற்கு மூலையில் பாறையை ஒட்டிக் கட்டியிருக்கும் ஐஸ்பெர்க்ஸ் குளத்தைப் படத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். சுவரேறி விழும் அலை, வெள்ளை நுரை, அதற்குள் நீந்தும் மனிதர்கள். அன்று மேலிருந்து எட்டிப் பார்த்தால் ஐம்பது மீட்டர் நீளத்துக்கு வெறும் சிமெண்ட் தொட்டி. ரப்பர் பூட்ஸ் போட்ட இரண்டு பேர் குழாயைப் பிடித்துப் பாசியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அன்று வியாழக்கிழமை. வாரத்துக்கு ஒரு நாள் குளத்தை வடித்து, தேய்த்துக் கழுவி, மறுபடியும் கடலை நிரப்புவார்களாம்.

எங்கள் ஊரில் கோடையில் கிணற்றை இறைத்துத் தூர் வாரும் நாள் நினைவுக்கு வந்தது. அன்றைக்குத்தான் கிணற்றின் அடி தெரியும். தொலைந்துபோன வாளியும் செம்பும் சேற்றோடு மேலே வரும். ஊரே சுற்றி நின்று பார்க்கும். நானும் அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். குழாய்த் தண்ணீர் பட்ட இடத்தில் பச்சைப் பாசி தோலாக உரிந்து வந்தது. அதன் அடியில் லேனைக் காட்டும் கறுப்புக் கோடு. குழாய் பிடித்தவர் ஒவ்வொரு அடியாக நகர, கோடு நீண்டுகொண்டே போனது. அந்தச் சுவருக்கு அப்பால் பசிபிக் பெருங்கடல் மோதிக்கொண்டிருந்தது. கடலோடு சேர்ந்திருக்கும் குளத்தை ஒரு வாரம் விட்டாலே கடல் தனக்கு எடுத்துக்கொள்ளும் என்று அன்று விளங்கியது.

மறுநாள் போய்ப் பத்து டாலர் கொடுத்து உள்ளே இறங்கினேன். நம் ரூபாயில் ஐந்நூறுக்கு மேல். அந்தக் குழாயையும் அந்தப் பாசியையும் பார்த்திருந்ததால் பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐஸ்பெர்க்ஸ் ஒரு குளிர்கால நீச்சல் சங்கம். உயிர்காக்கும் படையைச் சேர்ந்த சில நீச்சல்காரர்கள் குளிர்காலத்திலும் உடம்பைத் தளரவிடக் கூடாது என்று 1929இல் தொடங்கினார்கள். நம் சித்திரை வெயில் கொளுத்தும்போது அங்கே குளிர் பிறக்கும். மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை குளத்தில் பனிக்கட்டிகளைக் கொட்டிப் பருவத்தைத் தொடங்கிவைப்பார்கள். செப்டம்பர் வரை ஞாயிறுதோறும் போட்டி. சங்கத்தின் நீச்சல் உறுப்பினராக வேண்டுமென்றால் நான்கு ஞாயிறுகளில் மூன்றிலாவது நீந்த வேண்டும். ஒரு பருவம் மட்டுமில்லை, ஐந்து பருவம். கணக்குப் போட்டால் 75 ஞாயிற்றுக்கிழமைகள். பணம் கொடுத்துக் குறுக்கு வழியில் வாங்கக்கூடிய இடம் இல்லை அது.

75 ஞாயிறு நீந்தி அந்த இடத்தை வாங்கிய ஒருவர் என் பக்கத்து லேனில் நீந்தினார். எழுபது வயது இருக்கும். கடல் நீர் 18 டிகிரி. வங்காள விரிகுடாவில் பழகிய என் உடம்புக்கு அது முதல் ஐந்து நிமிடம் ஊசி குத்துவதுபோல இருந்தது. மூச்சு வாங்கிச் சுவரைப் பிடித்து நின்றேன். அவர் அருகில் வந்து நின்று, "மூச்சை முதலில் வெளியே விடுங்கள், உள்ளே இழுப்பது தானாக நடக்கும்" என்றார். அவ்வளவுதான். நான் உறுப்பினரா, எந்த நாடு, எத்தனை நாள் இருப்பேன் என்றெல்லாம் கேட்கவில்லை. 75 ஞாயிறு கொடுத்தவரும் பத்து டாலர் கொடுத்தவளும் ஒரே தண்ணீரில் இருந்தோம். இந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதே 1990களின் நடுவில்தான். சுமார் அறுபத்தைந்து ஆண்டுகள் ஆண்கள் மட்டும். அதைப் பிறகு படித்தபோது அந்தப் பத்து டாலர் எனக்கு இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

எனக்கு ஏன் பெரிது என்று சொல்ல வேண்டும்.

சென்னையில் பழைய மன்றம் ஒன்றின் நீச்சல் குளத்துக்கு உறவினர் ஒருவர் என்னை அழைத்துப் போயிருக்கிறார். விருந்தினர் கட்டணம் உண்டு என்று பலகையில் எழுதியிருந்தது. பணத்தை எடுத்து நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கையை நீட்டவே இல்லை. "மெம்பர் கணக்குலதாம்மா ஏறும்" என்றார். உறவினர் கையெழுத்துப் போட்டார். உள்ளே போனேன், நீந்தினேன், வந்தேன். யாரும் ஒரு வார்த்தை தவறாகப் பேசவில்லை. ஆனாலும் அன்று முழுக்க மனம் கனத்தது. என் காசு அந்த இடத்தில் செல்லவில்லை. இன்னொருவருடைய தயவில்தான் அந்தத் தண்ணீர் என்னைத் தொட்டது. அவர் மறுமுறை அழைக்காவிட்டால் எனக்கு அங்கே வழி இல்லை. வருகிறவரிடம் நேரடியாக ஒரு கட்டணம் கேட்பதை நாம் பணம் பிடுங்குவதாகவே நினைக்கிறோம். யாரையும் தெரியாமல், யாருடைய சிபாரிசும் இல்லாமல், தன் காசைத் தானே கொடுத்து ஒரு வாசலுக்குள் நுழைய முடிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்படி நுழைய முடியாமல் போனவர்களுக்குத்தான் தெரியும்.

மகள் வீட்டுப் பக்கத்திலேயே மாநகராட்சிக் குளம் ஒன்று உண்டு. செவ்வாய்க்கிழமை மாலையில் பெரியவர்களுக்கான நீச்சல் சங்கம் அங்கே பயிற்சி செய்கிறது. 'மாஸ்டர்ஸ்' என்று சொல்கிறார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் என்று நினைத்து நான் முதலில் தயங்கினேன். வயது வந்தவர்கள் என்பதைத் தவிர அதற்கு வேறு பொருள் இல்லை. அமெரிக்காவில் 1970இல் டெக்சஸ் மாநிலத்து அமரில்லோ நகரில் முதல் தேசியப் போட்டி நடந்தது. ரான்சம் ஆர்தர் என்ற கடற்படை மருத்துவர், போட்டி ஒன்று கண்முன் இருந்தால் வயதானவர்கள் விடாமல் நீந்துவார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் பிறந்தது இது. ஆஸ்திரேலியாவில் 1975இல் தொடங்கியது. ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். அதனால் அறுபது முடிந்தால் அறுபதுகளின் முதல் பிரிவில் நீங்கள்தான் இளையவர். தொடர் நீச்சலில் நான்கு பேருடைய வயதையும் கூட்டி அந்தக் கூட்டுத்தொகையால் பிரிக்கிறார்கள். ஒரு குழுவுக்கு 80 வயதுக்காரர் ஒருவர் கிடைத்தால் அது பெரும் சொத்து. வயது ஏறுவதை இப்படிக் கொண்டாடும் விளையாட்டு வேறொன்றை நான் பார்த்ததில்லை.

சங்கத்தின் செயலாளர் ஒரு பெண்மணி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குளத்தின் ஓரத்தில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். குளத்துக்கான நுழைவுச் சீட்டை வாசலிலேயே வாங்கிவிட்டேன். சங்கத்துக்கு வருகையாளர் கட்டணமாக ஐந்து டாலர் தனி. அது எதற்கு என்று நான் கேட்காமலேயே அவர் சொன்னார். மூன்று லேன்களை மணிக்கணக்கில் மாநகராட்சியிடம் வாடகைக்கு எடுக்கிறார்கள். கரையில் நிற்கும் பயிற்சியாளருக்குச் சம்பளம் தர வேண்டும். யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு வேண்டும். "உறுப்பினர்கள் ஆண்டுக்குக் கொடுப்பதில் உங்கள் ஒரு மாலைக்கு என்ன பங்கோ அதைத்தான் கேட்கிறோம்" என்றார். பிறகு ஒரு தாளை நீட்டினார். பெயர். இதய நோய் உண்டா. அதன் கீழே ஒரு வரி: அவசரம் என்றால் யாரைக் கூப்பிட வேண்டும்.

அந்த வரியில் பேனா நின்றுவிட்டது. நான் நாற்பத்தெட்டு வயதில் நீச்சல் திரும்பக் கற்றவள். எத்தனையோ குளங்களில் கட்டணம் கட்டியிருக்கிறேன். எனக்கு ஏதாவது ஆனால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று எந்தக் குளமும் அதுவரை கேட்டதில்லை. மகளின் எண்ணை எழுதினேன். அந்த ஐந்து டாலருக்குள் அந்தக் கேள்வியும் அடக்கம்.

பயிற்சி ஒரு மணி நேரம். மெது, நடு, வேகம் என்று மூன்று லேன். மெதுவில் நின்றேன். அங்கே எல்லோரும் சாலையில் வண்டி ஓட்டுவதுபோல இடது ஓரமாகவே போய் வருகிறார்கள். அதனால் ஒரே லேனில் ஆறு பேர் முட்டாமல் நீந்த முடிகிறது. பின்னால் வருபவர் முந்த வேண்டுமானால் விரலால் பாதத்தை மெல்லத் தொடுவார். சுவருக்கு வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் காலைத் தொட்டு, மன்னிப்புக் கேட்காமல், நானும் கோபப்படாமல் வழிவிட்டது இதுதான் முதல் முறை. முடிந்ததும் தேநீர் குடிக்கக் கூப்பிட்டார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அடுத்த வாரம் பாண்டையில் இருந்து கூஜி வரை கடலோரமாக நடந்தேன். ஆறு கிலோமீட்டர். பாறைச் சரிவில் வெட்டிய பாதை, இடது கைப்பக்கம் கடல். வழியில் பல கடற்கரைகளில் பாறையைக் குடைந்தோ சுவர் எழுப்பியோ ஒரு கடல்நீர்க் குளம் கட்டியிருக்கிறார்கள். பிரான்டியில் 1887இல் கட்டிய குளம். அதற்குக் கட்டணமே கிடையாது, கதவும் கிடையாது. யாரும் எப்போதும் இறங்கலாம். நான் போனபோது பள்ளிக்கூடச் சீருடையைக் கழற்றிப் பாறையில் போட்டுவிட்டுச் சிறுவர்கள் சிலர் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்துக் கடையில் காபி வாங்கியபோது மீதிச் சில்லறையில் இரண்டு டாலர் நாணயம் ஒன்று வந்தது. ஒரு டாலர் நாணயத்தைவிடச் சிறியது, தங்க நிறம். அதில் தாடி வைத்த முதியவர் ஒருவரின் முகம். அவர் பூர்வகுடி. இந்த நாட்டு நாணயத்தில் இந்த முகம் இருப்பதைப் பார்த்ததும் மோரீ என்ற ஊரின் கதை நினைவுக்கு வந்தது. இதே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கில் இருக்கும் சிற்றூர் அது. அந்த ஊர் நீச்சல் குளத்தில் பூர்வகுடிகள் இறங்கக் கூடாது என்று நகரசபையே விதி வைத்திருந்தது. 1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு பேருந்தில் கிளம்பினார்கள். அவர்களை நடத்திச் சென்ற சார்ல்ஸ் பெர்கின்ஸ் தானும் ஒரு பூர்வகுடி. ஊர் ஊராகப் போய் மோரீ வந்து, பூர்வகுடிச் சிறுவர்களைக் கூட்டிக்கொண்டு அந்தக் குளத்தின் வாசலில் நின்றார். கூட்டம் கூடி முட்டையும் தக்காளியும் வீசியது. அந்தச் சிறுவர்கள் கேட்டது இலவசம் இல்லை. மற்றப் பிள்ளைகளைப் போலக் கட்டணம் கொடுத்து உள்ளே போகத்தான் நின்றார்கள். அவர்கள் காசைத்தான் வாசல் வாங்கவில்லை.

இதைப் படித்துவிட்டு அந்த ஊர்க்காரர்களைத் திட்டிவிட்டுப் போக எனக்கு உரிமை இல்லை. தேனிப் பக்கம் எங்கள் தோட்டத்தில் பெரிய கிணறு. முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டி என் தாய்மாமா என்னை அதில் தள்ளிவிட்டபோது எனக்கு ஆறு வயது. மூன்றே நாளில் குடுக்கை இல்லாமல் மிதந்தேன். கோடை விடுமுறையில் ஊர்ப் பிள்ளைகள் இருபது முப்பது பேர் அந்தக் கிணற்றில் கிடப்போம். கீழத்தெருப் பிள்ளைகள் வரப்பில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் ஏன் இறங்குவதில்லை என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குக் கட்டணம் இல்லை. கட்டணம் இருந்திருந்தால் அவர்கள் சேர்த்துவைத்துக் கொண்டுவந்திருக்கலாம். கொடுத்தாலும் வாங்காத வாசல் அது. அந்த வரப்பில் இருந்த முகங்களில் இரண்டு மூன்று எனக்கு இன்னும் அப்படியே தெரிகிறது.

பதின்மூன்று வயதில் நானும் அந்த வரப்புக்கு வெளியே போனேன். வயசுக்கு வந்த பெண் கிணற்றுப் பக்கம் போகக் கூடாது. அம்மா திட்டவில்லை, அடிக்கவில்லை. "நாலு பேர் பாப்பாங்கடி" என்று மட்டும் சொன்னாள். முப்பத்தைந்து ஆண்டுகள் தண்ணீர் என்னைத் தொடவில்லை.

பிரான்டியைத் தாண்டினால் பாதை வேவர்லி இடுகாட்டை ஒட்டிப் போகிறது. கடலைப் பார்த்தபடி மலைச்சரிவு முழுக்க வெள்ளைக் கல்லறைகள். எழுத்தாளர் ஹென்றி லாசனைத் தேடி அங்கே வருகிறவர்கள் உண்டு. நான் உட்கார்ந்தது இன்னொருவருக்காக. நீச்சல்காரி ஃபேனி டியூராக் 1956இல் இறந்து இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்.

1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக நீச்சல் போட்டி வைத்தார்கள். சிட்னியில் ஃபேனியும் அவருடைய தோழி மினா வைலியும் நாட்டிலேயே வேகமானவர்கள். ஆனால் அவர்கள் நீந்திய மாநிலப் பெண்கள் சங்கத்தில் ஒரு விதி. ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியில் நீந்தக் கூடாது. அந்த விதியை விடாமல் பிடித்தவர் சங்கத்தின் தலைவி ரோஸ் ஸ்காட். அந்த மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை வாங்கித் தரப் பல ஆண்டுகள் போராடியவர். பெண்கள் நீந்துவதை அவர் எதிர்க்கவில்லை. ஆண்களின் கண்ணுக்குத்தான் அஞ்சினார். இதைப் படித்தபோது எனக்கு என் அம்மா குரல் கேட்டது. இருவருமே பெண்ணைக் காக்க நினைத்தார்கள். இரண்டு இடத்திலும் தண்ணீரை விட்டு வெளியே வந்தவள் பெண்தான்.

ஊர் கொதித்தது. சங்கம் பணிந்து விதியை மாற்றியது, ரோஸ் ஸ்காட் பதவி விலகினார். ஆனாலும் பெண்களை அனுப்புவதற்குப் பணம் இல்லை என்றார்கள், தங்கள் செலவில் வேண்டுமானால் போகலாம் என்றார்கள். பொதுமக்கள் நிதி திரட்டித் தந்தார்கள். ஃபேனியுடன் அவர் சகோதரி துணைக்குப் போனார், மினாவுடன் அவர் தந்தை. 100 மீட்டரை 1 நிமிடம் 22.2 விநாடியில் கடந்து ஃபேனி தங்கம் வாங்கினார். வெள்ளி மினாவுக்கு. ஆஸ்திரேலியப் பெண் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம் அது, வழிச்செலவை ஊர் திரட்டித் தந்து வாங்கியது. ஒரு நீச்சல்காரிக்காகக் குளத்து வாசலில் கொடுத்த கட்டணங்களில் இதைவிடப் பெரியது எனக்குத் தெரியாது.

க்ளோவெல்லியிலும் குளத்துக்குக் காசு கேட்பதில்லை. வேகமாகத் தாண்டிவிட்டேன். கூஜிக்கு வந்தபோது மதியம். கடற்கரையின் தெற்குக் கோடியில் இருந்து பாறை ஏறுகிறது. அங்கே கொஞ்ச தூரத்துக்குள் இரண்டு குளங்கள். முதலில் வருவது மெக்கைவர் பெண்கள் குளம். அதைத் தாண்டினால் மினாவின் தந்தை ஹென்றி வைலி 1907இல் கட்டிய வைலி குளம். மரக்கால்களில் நிற்கும் நடைமேடை, கீழே பாறைத் தரை, தெளிந்த நீரில் கடல்முள்ளெலிகள், வாசலுக்கு உள்ளே மினாவின் சிலை. ஆணும் பெண்ணும் சேர்ந்து நீந்த அந்தக் காலத்திலேயே இடம் கொடுத்த குளங்களில் அதுவும் ஒன்று. அதற்கும் கட்டணம் உண்டு, ஐஸ்பெர்க்ஸைவிடக் குறைவு. அழகில் வைலிதான் மேல். ஆனால் நான் திரும்பத் திரும்பப் போனது மெக்கைவருக்கு.

மெக்கைவர் குளம் 1886இல் கட்டியது. மேலே சாலையில் இருந்து பார்த்தால் புதர்தான் தெரியும். ஒரு சின்ன வாசல், அதற்குப் பின் சரிந்து இறங்கும் படிகள், அதன் அடியில் கடல். பெண்களும் சிறு பிள்ளைகளும் மட்டும். 1922இல் இருந்து ஊர்ப் பெண்களின் நீச்சல் சங்கம் ஒன்றுதான் இதை நடத்துகிறது. ஆண்களை விடாதது பாகுபாடு என்று புகார் எழுந்தபோது, 1995இல் மாநில அரசு இதற்குச் சட்டத்தில் இருந்து விலக்கு அளித்தது. படம் எடுக்கக் கூடாது. அதனால்தான் பாண்டையைப் போல இது படங்களில் வருவதில்லை.

இங்கே பல ஆண்டுகள் நுழைவுக் கட்டணம் இருபது சென்ட்டாகவே இருந்தது. வாசலில் இருந்த வாளியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆஸ்திரேலிய இருபது சென்ட் நாணயத்தில் பிளாட்டிபஸ் இருக்கிறது. வாத்து அலகும் பட்டை வாலும் கொண்ட அந்த விலங்கு தண்ணீரில் வளைந்து நீந்துகிறது. அதைச் சுற்றி நீர் வளையங்கள். நீந்தும் ஒன்றைக் கையில் பிடித்து வந்து நீச்சலுக்குக் கொடுத்திருக்கிறார்கள் எத்தனையோ பெண்கள். நான் போனபோது இரண்டரை டாலர். அந்தச் சிறிய இரண்டு டாலர் நாணயத்தையும், பன்னிரண்டு பக்கம் கொண்ட பெரிய ஐம்பது சென்ட்டையும் கொடுத்தேன். வாசலில் இருந்த பெண் ஒரு தன்னார்வலர். "படி வழுக்கும், பார்த்து" என்றார். வேறு எந்தத் தாளும் இல்லை.

கீழே போனேன். புல்வெளியில் தலைக்குத் தொப்பி போட்டுப் புத்தகம் படிக்கும் கிழவிகள். உடம்பு முழுக்க மறைத்த நீச்சலுடையில் இஸ்லாமியப் பெண்கள் மூன்று பேர், ஒருத்தி இன்னொருத்திக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்தாள். மார்பகம் ஒன்றை எடுத்த தழும்போடு ஒரு பெண் வெயில் காய்ந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதை அங்கே பழகியிருக்கிறார்கள். முழங்கால் வரை நீண்ட என் உடையை ஒருமுறைகூட இழுத்துவிடத் தோன்றவில்லை. நீரில் இறங்கினேன். அலை சுவரைத் தாண்டி வரும்போது குளம் முழுக்க ஒரு பக்கமாகத் தூக்கிக் கொடுத்தது. கிணற்றுக்குப் பிறகு அன்றுதான் மல்லாந்து மிதந்தேன். காதில் நீர் புகுந்ததும் வெளிச்சத்தம் அடங்கிப் போனது.

கரையேறும்போது, "நீங்கள் தமிழோ?" என்று ஒரு குரல்.

யாழ்ப்பாணத்துப் பெண். அறுபதை நெருங்குவார். படியின் கடைசிக் கல்லில், கால் இரண்டையும் நீருக்குள் விட்டு அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார்.

"இந்தியாவிலை எவடம்?" என்றார். சொன்னேன். அம்மாவுக்கு எண்பத்திநாலு வயது என்றும், கிழமைக்கு இரண்டு தரம் கூட்டி வருவதாகவும் சொன்னார். "முழங்கால் நோ, அக்கா. தண்ணிக்குள்ளை கால் இருந்தா நோ தெரியேல்லை எண்டு சொல்லுவா. இறங்கி நிண்டா, பேந்து வெளியிலை எடுக்கிறது பெரும்பாடு." சிரித்தார்.

"நீந்துவாரா?"

"முந்தி நல்லா நீந்துவா. கீரிமலையிலை பொம்பிளையளுக்குத் தனிக் கேணி இருக்கெல்லோ. நானும் அங்கைதான் பழகினனான். பிறகு சண்டை வந்தோடை அந்தப் பக்கம் ஒருத்தரும் போகேலாமல் போட்டுது."

கீரிமலைக் கேணியை நான் படித்துத்தான் அறிவேன். நகுலேஸ்வரம் கோயிலுக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி, நன்னீர் ஊற்று. ஆண்களுக்கு ஒரு கேணி, சுவர் மறைத்துப் பெண்களுக்கு ஒரு கேணி. உப்பு நீருக்குப் பத்தடி தள்ளி இனிப்பு நீர். அதை நான் சொன்னதும் அந்த அம்மா முதல் முறையாக என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலைக் கையால் காட்டினார்.

"இஞ்சை ஒருத்தரும் எங்களை ஆரெண்டு கேக்கிறேல்லை, பிள்ளை" என்றார். பிறகு நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடையாள அட்டையை எத்தனை சோதனைச் சாவடிகளில் எடுத்துக் காட்டியிருப்பார் என்று எண்ணினேன். கேட்கவில்லை.

அன்று இரவு மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஆறு ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறாள். கடற்கரைக்குப் போவாள், மணலோடு நின்றுவிடுவாள்.

"எனக்குத்தான் நீச்சல் தெரியாதேம்மா" என்றாள்.

தெரியாததற்குக் காரணம் நான். அவள் ஏழாவது படிக்கும்போது கோடைக்கால நீச்சல் வகுப்புக்குப் போகிறேன் என்று கேட்டாள். வகுப்புக் கட்டணத்தை அவள் அப்பாவும் நானும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அந்த மாதம் கணக்கு ட்யூஷனுக்குத்தான் பணம் இருந்தது. நீச்சல் அடுத்த வருஷம் என்றோம். அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னோம். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். கட்டணம் ஒரு கௌரவம் என்று இவ்வளவு நேரம் எழுதிவிட்டேன். அது கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் அதுவும் கிணற்று வரப்புதான். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. காசே கேட்காத பிரான்டிக் குளத்துச் சிறுவர்களுக்கு மோரீக் குளத்துச் சிறுவர்களின் கதையும் தெரிய வேண்டாம், என் மகளின் கதையும் தெரிய வேண்டாம். குதித்தால் போதும். ஆனால் வாசலில் காசு வாங்குகிறவர்கள் எல்லோரும் அந்தக் காசு யாரை வெளியே நிறுத்துகிறது என்று ஆண்டுக்கு ஒருமுறையாவது யோசிக்க வேண்டும். மெக்கைவர் பெண்கள் இருபது சென்ட்டை அத்தனை ஆண்டுகள் உயர்த்தாமல் வைத்திருந்ததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு, சனிக்கிழமை. மாப்பிள்ளை குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு கூஜிக்குப் போனேன். வாசலில் நான் பையைத் திறப்பதற்குள் அவள் ஐந்து டாலர் தாளை நீட்டினாள்.

"ரெண்டு பேர்" என்றாள்.

படி இறங்கினோம். அன்று அலை அடங்கியிருந்தது. கடைசிக் கல்லில் நின்று காலால் நீரைத் தொட்டுப் பார்த்தாள். "ஐயோ, குளிருதும்மா." சங்கிலியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடுப்பளவு, மார்பளவு. என் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எட்டாவது மாதத்தில் நடக்கப் பழகியபோது பிடித்த அதே பிடி.

"மூச்சை முதல்ல வெளியே விடு. இழுக்கிறது தானா நடக்கும்."

விட்டாள். கால் தரையை விட்டு எழுந்தது. அவள் முதுகுக்கு அடியில் என் உள்ளங்கையை வைத்தேன். கண்ணை இறுக்கி மூடியிருந்தாள். கொஞ்ச நேரத்தில் திறந்து வானத்தைப் பார்த்தாள். குளிரில் உதடு நீலம் பாய ஆரம்பித்திருந்தது.

"போதும், ஏறிடலாமா?" என்றேன்.

"இருமா," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்."